தண்ணீர் ஏறுவது ஆக்சிஜன் தீர்ந்துபோனதாலா? மெழுகுவர்த்திச் சோதனை குறித்து ஓர் ஐயம்

கேள்வி: ஏழாம் வகுப்பு ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் கற்பித்து வருகிறேன். எரிதலுக்கு ஆக்சிஜன் தேவை என்பதைக் காட்ட நாங்கள் ஆண்டுதோறும் செய்யும் சோதனையை உங்களில் பெரும்பாலோர் பள்ளி நாட்களில் பார்த்திருப்பீர்கள். தட்டில் சிறிது தண்ணீர் ஊற்றி, நடுவே மெழுகுவர்த்தியை நிறுத்தி ஏற்றி, அதன்மேல் கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்தால், சுடர் சில நொடிகளில் ஒடுங்கி அணைந்துவிடும். தட்டிலுள்ள தண்ணீர் தம்ளருக்குள் ஏறி நிற்கும். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்துவிட்டது, தீர்ந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பிக்கொண்டது என்றுதான் எனக்குச் சொல்லித்தந்தார்கள். நானும் பன்னிரண்டு ஆண்டுகளாக அப்படியே சொல்லி வருகிறேன்.

இந்த ஆண்டு ஒரு மாணவி ஒரு மெழுகுவர்த்திக்குப் பதிலாக மூன்றை ஏற்றி, அதே தம்ளரைக் கவிழ்த்தாள். தண்ணீர் முன்னைவிடத் தெளிவாகக் கூடுதலாக ஏறியது. "தம்ளருக்குள் இருக்கும் ஆக்சிஜன் இரண்டு முறையும் ஒரே அளவுதானே, டீச்சர்? மூன்று மெழுகுவர்த்தி என்றால் சீக்கிரம் தீரலாம், ஆனால் அதிகமாக எப்படித் தீரும்?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. அவள் சொன்ன பிறகு கவனித்ததில் இன்னொன்றும் தெரிந்தது: சுடர் எரியும்போது தண்ணீர் ஏறக்குறைய அசையாமல் இருக்கிறது, அணைந்த பிறகே விறுவிறுவென்று ஏறுகிறது. ஆக்சிஜன் தீரத்தீரத் தண்ணீர் ஏற வேண்டும் அல்லவா?

இதைக் கேட்டுக்கொண்டிருந்த மற்றொரு மாணவன் எழுப்பிய கேள்வி என்னை மேலும் தடுமாறச் செய்தது. நாம் வெளிவிடும் மூச்சில் ஆக்சிஜன் குறைவு என்று பாடத்தில் படித்தவன், அப்படியானால் தன் பாட்டி ஊதாங்குழலால் ஊதும்போது அடுப்பு அணையாமல் ஏன் கொழுந்துவிடுகிறது என்று கேட்கிறான். விவரம் அறிந்தவர்கள் விளக்கினால், அடுத்த வாரம் வகுப்பில் திருத்திச் சொல்லிவிட விரும்புகிறேன்.

பதில்: நீலச்சுடர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் மாணவி கண்டது சரி. வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் விளக்கம்தான் தவறு. தம்ளருக்குள் தண்ணீர் ஏறுவதற்கு முதன்மையான காரணம் காற்று சூடாகி விரிந்து, பிறகு குளிர்ந்து சுருங்குவதே; ஆக்சிஜன் செலவாவதற்கு அதில் மிகச் சிறிய பங்குதான் உண்டு.

முதலில் 'தீர்ந்துவிடுகிறது' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். எரியும்போது ஆக்சிஜன் இல்லாமற்போவதில்லை. எரிபொருளிலுள்ள கார்பனுடனும் ஹைட்ரஜனுடனும் சேர்ந்து கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் உருமாறுகிறது. மெழுகின் மூலக்கூறு ஒன்றில் 25 கார்பன் அணுக்களும் 52 ஹைட்ரஜன் அணுக்களும் இருப்பதாகக் கொண்டால், அது முழுமையாக எரிய 38 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும். அவை 25 கரியமில வாயு மூலக்கூறுகளையும் 26 நீர் மூலக்கூறுகளையும் தரும். நீராவி குளிர்ந்து தம்ளரின் உட்சுவரில் பனித்துவிடும் என்பதால் அதை விட்டுவிடலாம். அப்படியும் செலவான 38 பங்கு ஆக்சிஜனுக்கு ஈடாக 25 பங்கு கரியமில வாயு அங்கேயே தங்குகிறது. அது தண்ணீரில் கரையும் என்பது உண்மைதான், ஆனால் அசையாத தண்ணீரில் சில நொடிகளுக்குள் குறிப்பிடத்தக்க அளவு கரைந்துவிடாது.

அடுத்தது, மெழுகுவர்த்தி ஆக்சிஜன் முழுவதையும் எடுத்துக்கொள்வதும் இல்லை. சாதாரணக் காற்றில் 21 சதவீதமாக இருக்கும் ஆக்சிஜன் 16 சதவீதம் அளவுக்குக் குறைந்ததுமே சுடர் அணைந்துவிடுகிறது. ஆகவே நூறு பங்கு காற்றில் செலவாவது ஏறத்தாழ 5 பங்கு. அதற்கு ஈடாக உருவாகும் கரியமில வாயு 3 பங்குக்குச் சற்று மேல். நிகரக் குறைவு 2 பங்கைக்கூட எட்டுவதில்லை. நீங்கள் காணும் ஐந்தில் ஒரு பங்கு ஏற்றத்தை இந்தக் கணக்கால் விளக்கவே முடியாது.

வெப்பத்தைக் கணக்கில் எடுத்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும். நீங்கள் தம்ளரைக் கவிழ்த்துக் கீழே இறக்கும்போதே சுடரின் மேலெழும் சூடான காற்று அதற்குள் நிறைகிறது. விளிம்பு தண்ணீரைத் தொட்ட பிறகும் உள்ளிருக்கும் காற்று சூடாகி விரிகிறது. சற்று உற்றுப் பார்த்தால் விளிம்பின் அடியிலிருந்து குமிழிகள் வெளியேறுவது தெரியும். சுடர் அணைந்ததும் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. உள்ளிருக்கும் காற்றின் சராசரி வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸிலிருந்து 106 டிகிரிக்கு ஏறினால், அதாவது கெல்வின் கணக்கில் 303 இலிருந்து 379 ஆனால், அது மறுபடியும் குளிரும்போது கனஅளவில் சரியாக ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். காற்றில் ஆக்சிஜனின் பங்கும் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாக இருப்பது தற்செயலே. இந்தத் தற்செயல்தான் எத்தனையோ தலைமுறை ஆசிரியர்களை ஏமாற்றியிருக்கிறது. மூன்று மெழுகுவர்த்திகள் அதிகக் காற்றைச் சூடாக்கி வெளியேற்றுகின்றன, ஆகவே தண்ணீர் அதிகம் ஏறுகிறது. அணைந்த பிறகே ஏறுவதற்கும் இதுதான் காரணம்.

இதை உங்கள் வகுப்பிலேயே சரிபார்க்கலாம். ஒரே மெழுகுவர்த்தி, ஒரே தம்ளர். முதல் முறை சட்டென்று கவிழ்த்துவிடுங்கள், இரண்டாம் முறை சுடருக்கு மேலே பத்து நொடிகள் தூக்கிப் பிடித்திருந்து பிறகு இறக்குங்கள். காற்றின் கலவைதான் காரணம் என்றால் முதல் முறையைவிட இரண்டாம் முறை தண்ணீர் கூடுதலாக ஏறுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜனை மெய்யாகவே காட்ட வேண்டும் என்றால், எரிய விடாதீர்கள், துருப்பிடிக்க விடுங்கள். லேத் பட்டறையில் கிடைக்கும் இரும்புத்தூளைச் சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பசை போகக் கழுவி, வினிகரில் நனைத்து, ஈரமான பஞ்சுடன் சோதனைக் குழாயின் அடியில் செருகி, குழாயைத் தண்ணீரில் கவிழ்த்து ஓரிரு நாட்கள் விட்டுவிடுங்கள். இரும்பு ஆக்சிஜனைத் திடப்பொருளாகப் பிடித்துக்கொள்வதால் வாயு எதுவும் ஈடாக உருவாவதில்லை. மெதுவாக நடப்பதால் வெப்பமும் குறுக்கிடுவதில்லை. பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நாரைப் பயன்படுத்திவிடாதீர்கள், அது துருப்பிடிக்காது.

பதில்: ஓய்வுபெற்றவர்

முப்பத்திரண்டு ஆண்டுகள் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். நண்பர் நீலச்சுடர் தந்திருக்கும் கணக்கில் பிழை இல்லை. ஆனால் பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு எரிதலுக்கு ஆக்சிஜன் வேண்டும் என்ற கருத்து மனத்தில் பதிந்தால் போதாதா? சுடர் அணைகிறது, அதற்கு ஆக்சிஜன் குறைவே காரணம் என்பது வரை பழைய விளக்கம் சரிதானே? தண்ணீர் ஏறுவதன் காரணத்தைச் சற்று எளிமைப்படுத்திச் சொல்வதால் பெரிய கேடு எதுவும் விளைந்துவிடப் போவதில்லை என்பது என் கருத்து.

பதில்: நீலச்சுடர்

ஐயா, உங்கள் அனுபவத்தின்மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் இந்த இடத்தில் நான் உடன்பட இயலவில்லை. எளிமைப்படுத்துவது வேறு, கண்ணால் காண்பதற்கு முரணானதைச் சொல்வது வேறு. அந்த மாணவி தண்ணீர் எப்போது ஏறுகிறது என்பதைப் பார்த்துவிட்டாள். பார்த்ததை நம்புவதா, ஆசிரியர் சொன்னதை நம்புவதா என்ற நிலையில் அவளை நிறுத்துவது நியாயமில்லை.

மேலும், மூடிய கலத்தில் சுடர் அணைகிறது என்ற காட்சி மட்டும் ஆக்சிஜனை நிறுவிவிடாது. பதினெட்டாம் நூற்றாண்டில் இதே காட்சிக்கு நேர் எதிரான விளக்கம் வழங்கிவந்தது. எரியும் பொருள் ஒவ்வொன்றும் 'புளோஜிஸ்டன்' என்ற ஒன்றை வெளிவிடுகிறது, கலத்துக்குள் இருக்கும் காற்று அதை ஓர் அளவுக்கு மேல் ஏற்க முடியாமல் நிறைந்துவிடும்போது சுடர் அணைகிறது என்று ஜெர்மனியின் ஸ்டால் வழிவந்தவர்கள் கூறினார்கள். காற்றிலிருந்து ஒன்று போய்விடுகிறது என்று நாம் சொல்கிறோம், காற்றுக்குள் ஒன்று வந்து சேர்கிறது என்று அவர்கள் சொன்னார்கள். அணைந்த மெழுகுவர்த்தியை மட்டும் வைத்து யார் சொல்வது சரி என்று தீர்மானிக்க முடியாது.

இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி 1771 ஆகஸ்ட் 17 அன்று, மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த காற்றுக்குள் ஒரு புதினாத் தண்டை வைத்தார். பத்து நாட்களுக்குப் பிறகு அதே காற்றில் மற்றொரு மெழுகுவர்த்தி நன்றாக எரிந்தது. 1774 ஆகஸ்ட் 1 அன்று பாதரசத்தின் செந்நிற ஆக்சைடை உருப்பெருக்கிக் கண்ணாடியால் வெயிலைக் குவித்துச் சூடாக்கி, சுடரை முன்னெப்போதும் காணாத வீச்சுடன் எரியச் செய்த ஒரு வாயுவையும் அவர் பிரித்தெடுத்தார். ஸ்வீடனின் ஷீலே அதற்கு முன்பே அதைத் தயாரித்திருந்தாலும் 1777 வரை வெளியிடவில்லை. ஆக்சிஜனைக் கையில் பிடித்திருந்த பிரீஸ்ட்லி அதற்கு வைத்த பெயர் 'புளோஜிஸ்டன் நீங்கிய காற்று'. கடைசிவரை அவர் பழைய கொள்கையைக் கைவிடவில்லை.

வழக்கைத் தீர்த்தது தராசுதான். கந்தகமும் பாஸ்பரசும் எரியும்போது எடை குறையாமல் கூடுகின்றன என்று பாரிஸின் லவாய்சியர் 1772 நவம்பர் 1 அன்று முத்திரையிட்ட குறிப்பாக அறிவியல் கழகத்தில் ஒப்படைத்தார். பிறகு பாதரசத்தைக் காற்றுடன் மூடிய கலத்தில் பன்னிரண்டு நாட்கள் தொடர்ந்து சூடாக்கினார். 50 கன அங்குலக் காற்றில் 7 முதல் 8 கன அங்குலம் குறைந்தது, எஞ்சிய காற்றில் சுடர் அணைந்தது. பாதரசத்தின்மேல் படர்ந்த சிவப்புத் தூளைத் தனியே எடுத்து மேலும் சூடாக்கியபோது அதே 7 முதல் 8 கன அங்குல வாயு திரும்பி வந்தது. போனது எவ்வளவோ அவ்வளவும் திரும்பக் கிடைத்தபோதுதான் காற்றிலிருந்து ஒரு பகுதி பொருளுடன் சேர்கிறது என்பது ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றது. நான் துருச் சோதனையைப் பரிந்துரைப்பதற்கும் இதுவே காரணம்: அங்கே எரிதலின் தம்பியான துருப்பிடித்தல், லவாய்சியர் கேட்ட கேள்வியையே கேட்கிறது.

பதில்: ஏழாம் வகுப்பு ஆசிரியை

மிக்க நன்றி. இன்று மாலை வகுப்பு முடிந்த பிறகு நான்கைந்து மாணவர்களுடன் செய்து பார்த்தோம். சட்டென்று கவிழ்த்தபோது தம்ளரின் உயரத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவும், பத்து நொடிகள் தூக்கிப் பிடித்துக் கவிழ்த்தபோது நான்கில் ஒரு பங்குக்கு அருகிலும் தண்ணீர் ஏறியது. குமிழிகளை முதலில் பார்த்தது அந்த மூன்று மெழுகுவர்த்தி மாணவிதான். இரும்புத்தூளையும் இன்றே குழாயில் வைத்துவிட்டோம்.

இப்போது எனக்கே புதிதாக ஓர் ஐயம் எழுகிறது. 16 சதவீத ஆக்சிஜன் மீதமிருக்கும்போதே சுடர் ஏன் அணைய வேண்டும்? ஊதாங்குழல் கேள்வியும் இன்னும் நிற்கிறது.

பதில்: கொல்லுலை

இந்த இரண்டு கேள்விகளும் உண்மையில் ஒரே கேள்வி என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

சுடர் என்பது வரவு செலவுக் கணக்கு. எரிதலால் வரும் வெப்பம், சுற்றிலும் இழக்கும் வெப்பத்தை ஈடுசெய்து, அடுத்து வரும் மெழுகு ஆவியையும் காற்றையும் எரியும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். காற்றில் ஐந்தில் நான்கு பங்காக உள்ள நைட்ரஜன் எரிதலில் ஏறக்குறைய பங்கேற்பதில்லை, ஆனால் சும்மாவும் இருப்பதில்லை. தானும் சூடாகி, வெப்பத்தில் பெரும் பங்கைத் தின்றுவிடுகிறது. ஆக்சிஜன் குறைந்து, நைட்ரஜனும் புதிதாக உருவான கரியமில வாயுவும் கூடும்போது, ஒவ்வோர் ஆக்சிஜன் மூலக்கூறும் தரும் வெப்பம் முன்னைவிட அதிகமான வேலையற்ற மூலக்கூறுகளிடையே பங்கிடப்படுகிறது. சுடரின் வெப்பநிலை ஓர் எல்லைக்குக் கீழே இறங்கியதும் வினைகள் தம்மைத் தாமே தொடர முடியாமல் நின்றுவிடுகின்றன. பசியால் இறப்பதற்கு முன்பே குளிரால் இறந்துவிடுகிறது என்று சொல்லலாம்.

நைட்ரஜனின் இந்தப் பங்கை உலகம் கொடுமையான முறையில் அறிந்துகொண்ட நாள் 1967 ஜனவரி 27. அமெரிக்காவின் அப்பல்லோ 1 விண்கலத்தில் தரையில் ஒத்திகை நடந்தபோது, உள்ளே வளிமண்டல அழுத்தத்துக்குச் சற்று மேலான தூய ஆக்சிஜன் நிரப்பப்பட்டிருந்தது. ஒரு பொறி எழுந்ததும், சாதாரணக் காற்றில் மந்தமாக எரியும் நைலான் வலைகளும் வெல்க்ரோ பட்டைகளும் நொடிகளில் பற்றிக்கொண்டன; கிரிசம், வைட், சாஃபி ஆகிய மூன்று விண்வெளி வீரர்களும் உயிரிழந்தனர். அதன் பிறகு ஏவுதளத்தில் நிற்கும்போது 60 சதவீத ஆக்சிஜனும் 40 சதவீத நைட்ரஜனும் கலந்த காற்றே கலத்தில் நிரப்பப்பட்டது.

இனி ஊதாங்குழல். மெழுகுவர்த்தியில் எரிவது திடமான மெழுகு அல்ல, திரியிலிருந்து எழும் மெழுகின் ஆவி. சுடர் திரிக்கு வெளியே, ஆவியும் காற்றும் சந்திக்கும் மெல்லிய படலத்தில் நிற்கிறது. நாம் ஊதினால் அந்தச் சூடான ஆவியை அப்படியே திரியிலிருந்து பெயர்த்து எடுத்துச் சென்றுவிடுகிறோம். அடுப்பிலுள்ள கங்கு அப்படியில்லை. அங்கே கரியின் மேற்பரப்பிலேயே எரிதல் நடக்கிறது; வெப்பம் திடமான கரிக்குள் சேமிக்கப்பட்டிருப்பதால் ஒரு மூச்சுக்காற்று அதைக் குளிரவைத்துவிட முடியாது. அங்கே தட்டுப்பாடு வெப்பத்துக்கு இல்லை, ஆக்சிஜனுக்குத்தான், ஏனெனில் கங்கைச் சாம்பலும் அது தானே உருவாக்கிய கரியமில வாயுவும் போர்த்தியிருக்கின்றன. ஊதும்போது அந்தப் போர்வை விலகுகிறது. வெளிவிடும் மூச்சில் 16 சதவீதம் அளவுக்கே ஆக்சிஜன் இருந்தாலும், போர்வைக்குள் இருந்ததைவிட அது பன்மடங்கு அதிகம். அத்துடன் குழலின் முனையிலிருந்து பாயும் காற்று பக்கத்திலிருக்கும் புதுக்காற்றையும் இழுத்துக்கொண்டு செல்கிறது. கொல்லன் உலையில் துருத்தி செய்வதும் இதே வேலைதான், அங்கே மூச்சுக்குப் பதிலாக முழு ஆக்சிஜனுள்ள காற்று செல்கிறது என்பதே வேறுபாடு. பாட்டியின் ஊதாங்குழலைக் கேள்விக்கு உள்ளாக்கிய பையனுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

கேள்வியில் இல்லாவிட்டாலும் ஒன்றைச் சேர்க்கத் தோன்றுகிறது. "ஆக்சிஜன் எரியாது, எரிதலுக்குத் துணைபுரியும்" என்று நாம் மனப்பாடம் செய்த வரி, வெப்பம் முழுவதும் எரிபொருளுக்குள் ஒளிந்திருப்பதுபோலவும் ஆக்சிஜன் வெறும் ஏவலாள் என்பதுபோலவும் ஓர் எண்ணத்தை ஏற்படுத்துகிறது. பிணைப்பு ஆற்றல்களைப் பார்த்தால் கதை வேறு. மீத்தேனை எரிக்க நான்கு கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகளையும் இரண்டு ஆக்சிஜன் மூலக்கூறுகளையும் உடைக்க வேண்டும். முன்னது ஒவ்வொன்றும் ஏறத்தாழ 413 கிலோஜூல், ஆக்சிஜனின் இரட்டைப் பிணைப்பு 498 கிலோஜூல், ஆக மொத்தம் ஒரு மோல் மீத்தேனுக்கு 2,648 கிலோஜூல் செலவு. வரவில், கரியமில வாயுவின் இரண்டு பிணைப்புகள் தலா 800, நீரின் நான்கு பிணைப்புகள் தலா 463, மொத்தம் 3,452. மிச்சம் 804 கிலோஜூல் வெப்பமாக வெளிவருகிறது. இரட்டைப் பிணைப்பு என்ற முறையில் ஆக்சிஜனின் பிணைப்பு மிகவும் தளர்வானது. அந்தத் தளர்விலிருந்து இறுக்கமான பிணைப்புகளுக்கு மாறுவதே நெருப்பின் வெப்பத்துக்குப் பெரும் பங்கு மூலம். அதனால்தான் விறகானாலும் பெட்ரோலானாலும் பிளாஸ்டிக்கானாலும், செலவாகும் ஒரு கிலோ ஆக்சிஜனுக்கு ஏறத்தாழ 13.1 மெகாஜூல் வெப்பம் வெளிவருகிறது. தார்ன்டன் என்ற ஆய்வாளர் 1917இல் கவனித்த இந்த ஒற்றுமையைக் கொண்டு, தீப்பாதுகாப்பு ஆய்வகங்களில் ஒரு நாற்காலியோ மெத்தையோ எரியும்போது வெளிவரும் வெப்பத்தை, புகைக்கூண்டில் ஆக்சிஜன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை அளந்தே கணக்கிடுகிறார்கள்.

அப்படியானால் இவ்வளவு ஆற்றலை வைத்துக்கொண்டு காற்று ஏன் காடுகளையும் நம்மையும் இப்போதே எரித்துவிடவில்லை? ஆக்சிஜன் மூலக்கூறில் இணைசேராத எலக்ட்ரான்கள் இரண்டு, ஒரே திசைச் சுழற்சியுடன் இருக்கின்றன. திரவ ஆக்சிஜன் காந்தத்தின் முனைகளுக்கு இடையே ஒட்டிக்கொண்டு நிற்பது இதனால்தான். மரம், மெழுகு, எண்ணெய் ஆகியவற்றின் மூலக்கூறுகளிலோ எல்லா எலக்ட்ரான்களும் இணைசேர்ந்தே இருக்கின்றன. இந்த இரு வகையினரும் நேரடியாகக் கைகோப்பதற்குக் குவாண்டம் விதிகள் தடையாக இருப்பதால், வெப்பத்தால் உடைந்த சில துண்டுகள் முதலில் தோன்றி வினையைத் தொடங்கிவைக்க வேண்டும். ஒரு ஹைட்ரஜன் அணு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைத் தாக்கினால் ஒன்றுக்குப் பதிலாக வினைவேகம் மிக்க இரண்டு துண்டுகள் பிறக்கின்றன. அவை மேலும் பெருகுகின்றன. இத்தகைய சங்கிலி வினைகளை ஆராய்ந்த செமினோவும் ஹின்ஷெல்வுட்டும் 1956இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். தீக்குச்சி செய்வதெல்லாம் அந்த முதல் துண்டுகளை உண்டாக்கித் தருவதுதான்.

பதில்: சிவகாசியிலிருந்து

தீக்குச்சி என்றதும் ஒரு திருத்தம் சொல்லத் தோன்றியது. எரிதலுக்கு ஆக்சிஜன் வேண்டும் என்பதை 'காற்று வேண்டும்' என்று மாணவர்கள் புரிந்துகொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது, பெட்டியின் உரசுபரப்பில் சிவப்புப் பாஸ்பரஸ் இருக்கிறது. உரசியதும் எழும் முதல் சீற்றத்துக்கான ஆக்சிஜன் குளோரேட்டிலிருந்தே வருகிறது, அதன் பிறகு குச்சி எரிவதற்குத்தான் காற்றின் உதவி வேண்டும். கருமருந்தில் வெடியுப்பும், கம்பி மத்தாப்பில் பேரியம் நைட்ரேட்டும் அதே வேலையைச் செய்கின்றன. மத்தாப்பில் இரண்டையும் ஒருசேரக் காணலாம் என்பது இன்னும் சுவையானது: கம்பியின்மேல் உள்ள மருந்து தனக்குள்ளிருக்கும் ஆக்சிஜனைக் கொண்டு எரிகிறது, அதிலிருந்து தெறிக்கும் இரும்புத் துகள்களோ பறக்கும்போது காற்றின் ஆக்சிஜனில் எரிந்து பொறிகளாகின்றன. மருந்து பற்றிக்கொண்டால் சாக்கைப் போட்டு மூடி அணைக்க முயல்வது வீண் என்பதும், தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பதே வழி என்பதும் இதனால்தான்; அலுமினியம், மக்னீசியம் போன்ற உலோகத் தூள் தீப்பிடித்தால் மட்டும் தண்ணீர் ஆபத்து, அதற்கு உலர்ந்த மணல் வேண்டும்.

பதில்: கிணற்றடி

சுடர் அணையும் 16 சதவீதம் என்ற எல்லையைப் பற்றி எழுதியிருப்பதால் இதைச் சொல்கிறேன். பாழ்கிணற்றில் தூர்வார இறங்குவதற்கு முன் கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்க்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இன்றும் உண்டு. அந்த வழக்கத்துக்கு அறிவியல் அடிப்படை இருக்கிறது: மனிதன் மயங்கி விழும் அளவுக்கு ஆக்சிஜன் குறைவதற்கு முன்பே, மூச்சு சற்று வாங்கத் தொடங்கும் நிலையிலேயே, விளக்கு அணைந்துவிடும். இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களும் 1815இல் டேவி வடிவமைத்த கம்பிவலை விளக்கின் சுடரைப் பார்த்தே, அது மங்கி அணைந்தால் மூச்சுக்கு ஆகாத காற்று என்றும், சுடரின்மேல் நீலநிறத் தொப்பி தோன்றினால் மீத்தேன் என்றும் அறிந்துகொண்டார்கள்.

ஆனால் மாணவர்களிடம் சொல்லும்போது பாதியோடு நிறுத்திவிடாதீர்கள். விளக்கு ஆக்சிஜன் குறைவை மட்டுமே காட்டும். ஹைட்ரஜன் சல்பைடோ கார்பன் மோனாக்சைடோ உயிரைப் பறிக்கும் அளவில் இருந்தாலும் விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருக்கும், ஏனெனில் அதற்குத் தேவையான ஆக்சிஜன் அங்கே இருக்கிறது. கிணற்றுக்குள் டீசல் எஞ்சினை இறக்கி ஓட்டிய பிறகு சேரும் கார்பன் மோனாக்சைடு இப்படிப்பட்டதே. மீத்தேன் திரண்டிருந்தால் திறந்த சுடரே வெடிப்புக்குக் காரணமாகிவிடும். கழிவுநீர்த் தொட்டிகளில் விளக்கு இறக்கிப் பார்ப்பது முழு மூடத்தனம்; அங்கே உரிய பாதுகாப்புக் கருவிகள் இன்றி மனிதரை இறக்கித் துப்புரவு செய்ய வைப்பதே 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கார்பன் மோனாக்சைடு உருவாவதும் ஆக்சிஜன் பற்றாக்குறையால்தான் என்பதை ஆசிரியை அவர்கள் பாடத்துடன் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு கார்பன் அணுவுக்கு இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் கிடைக்க வேண்டிய இடத்தில் ஒன்றே கிடைத்தால் வருவது அது. குளிருக்காக மூடிய அறையில் கரியடுப்பை வைத்துக்கொண்டு உறங்குபவர்கள் இறந்துபோவது, அறையில் ஆக்சிஜன் தீர்ந்துபோனதால் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி அல்ல. இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுதலுடன் கார்பன் மோனாக்சைடு ஒட்டிக்கொள்வதால், அறையில் போதிய ஆக்சிஜன் இருக்கும்போதே உடலுக்குள் அது போய்ச்சேராமல் தடைபடுகிறது.

பதில்: ஏழாம் வகுப்பு ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. மூன்று நாட்கள் கழித்து வந்து எழுதுகிறேன். எங்கள் சோதனைக் குழாயில் பஞ்சுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் உயரத்துக்குக் காற்று இருந்தது. முதல் நாள் இரவுக்குள் தண்ணீர் 2 சென்டிமீட்டர் ஏறியிருந்தது, இரண்டாம் நாள் மாலையில் 3 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டியது, மூன்றாம் நாள் அதே இடத்தில் நின்றுவிட்டது. இரும்புத்தூள் இன்னும் துருப்பிடிக்காமல் மீதமிருக்கும்போதே தண்ணீர் ஏன் நின்றது என்று வகுப்பைக் கேட்டேன். உள்ளே எஞ்சியிருப்பது என்ன என்று பார்த்துவிடலாம் என்றாள் மூன்று மெழுகுவர்த்தி மாணவி. குழாயின் வாயைத் தண்ணீருக்குள்ளேயே கட்டைவிரலால் மூடி நிமிர்த்தி, விரலை எடுத்த கையோடு எரியும் தீக்குச்சியை உள்ளே இறக்கினோம். அது குழாயின் வாயைக் கடந்த அந்த நொடியிலேயே அணைந்துவிட்டது.